பிறந்த நேரம் பார்க்கும் சட்டம்

வண்டலூரிலிருந்து வாலாசாபாத்துக்கு ஓடும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து திருப்பெரும்புதூருக்கு ஓடும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். மாலையில் ஷிப்டு முடியும் நேரம் அங்கே நின்று பாருங்கள், தோழர்களே! பேருந்து பேருந்தாக இளைஞர்கள் இறங்குவர். ஒடியாவில் ஒருவன் பேச, இந்தியில் ஒருவன் சிரிக்க, அரைகுறைத் தமிழில் ஒருவன் தேநீர் கேட்பான். திருப்பெரும்புதூர்ப் பக்கம் சற்றே நகர்ந்தால், உணவு விடுதியின் பெயர்ப்பலகை கொரிய எழுத்தில் கண் சிமிட்டும். பெருமாளைச் சேவிக்க வந்தவர்களுக்குச் சத்திரம் கட்டிய ஊர், இன்று பெருமுதலாளிகளைச் சேவித்துக்கொண்டிருக்கிறது.

அந்தச் சந்தியில் ஒரு தேநீர்க் கடையில், அசாமிலிருந்து வந்த இளைஞன் ஒருவனோடு பேச நேர்ந்தது. உதிரிப் பாகம் செய்யும் ஆலையொன்றில் பெட்டி கட்டும் வேலை. பையிலிருந்து பிளாஸ்டிக் உறையொன்றை எடுத்தான். அதற்குள் மடிப்பு மடிப்பாய் ஒரு தாள். 1966ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியலின் நகல். ஒரு பெயரின்மீது விரலை வைத்து, "அண்ணா, இது என் தாத்தா" என்றான். படத்தைக் காட்டுவதுபோலக் காட்டினான்! அசாமில் 2019 ஆகஸ்டு 31 அன்று வெளியான குடிமக்கள் பதிவேட்டில் இடம்பெறாது போனவர்கள் 19,06,657 பேர். அவர்களில் இவனும் ஒருவன். "கூப்பிட்டால் போகணும் அண்ணா, கேள்வி கேட்பாங்க" என்று கூறித் தாளை மடித்து வைத்துக்கொண்டான். அவன் ஊருக்கு இரண்டு நாளுக்கும் மேற்பட்ட இரயில் பயணம்.

கேள்வி கேட்பார்கள்! என்ன கேள்வி? அதைத்தான் இன்று இந்தப் பக்கங்களில் ஆராய எண்ணுகிறேன். மதிப்புரை எழுதுவோர் காவியத்தை எடுத்துக்கொள்வர், புதினத்தை எடுத்துக்கொள்வர். நான் எடுத்துக்கொள்வது ஒரு வினாத்தாள். குடியுரிமை கேட்டு நிற்பவன்முன் அலுவலர் விரித்து வைக்கும் வினாத்தாள். இதுவும் இலக்கியந்தான், இதிலும் கற்பனை உண்டு, மறைபொருள் உண்டு, சொல்லாமல் சொல்லும் சாமர்த்தியம் உண்டு. புராணங்களைப் புரட்டிப் பார்த்து, புளுகு எது, பொருள் எது என்று பிரித்துக் காட்டிய கைகள் இதை மட்டும் புனிதப் பொருளென்று தொடாமல் விடலாமோ?

இந்த வினாத்தாளின் பழைய பதிப்பு ஒன்று தமிழனைத் தாக்கியது இலங்கையில். காட்டை அழித்துக் காப்பி வைத்தான். காப்பி பட்டபின் தேயிலை வைத்தான். லயன் என்ற பெயரில் ஒற்றை அறையில் பிறந்தான், மணந்தான், மடிந்தான். 1947 தேர்தலில் அந்த மலையகத் தமிழன் வாக்களித்தான். இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் 7 பேர் நாடாளுமன்றம் சென்றனர். மறு ஆண்டே, சேனநாயக்காவின் ஆட்சி 18ஆம் எண் சட்டத்தைக் கொணர்ந்தது. அதன் கேள்வி எளியது: "இங்கே பிறந்தாயா? சரி. உன் தந்தை இங்கே பிறந்தவரா? அன்றேல், தந்தையின் தந்தையும், அவருக்குத் தந்தையும் இங்கே பிறந்தவர்களா? சான்று எங்கே?"

முப்பாட்டன் பிறந்ததற்குச் சான்று! கொழுந்து பறிப்பவள் எங்கே போவாள்? கங்காணியின் தடியில் எழுதியிருக்குமா? லயன் சுவரின் கரியில் கிறுக்கியிருக்குமா? அதே கேள்வியை அடுத்த ஊர்ச் சிங்கள உழவனிடம் கேட்டிருந்தால் அவனும் திகைத்தே நின்றிருப்பான். ஆனால் அவனைக் கேட்பார் இல்லை. இதில் இன்னொரு நயத்தையும் விமர்சகன் குறித்தே ஆகவேண்டும். அந்தச் சட்டத்தை வரிக்கு வரி படித்தாலும், 'இந்தியத் தமிழன் கூடாது' என்னும் சொற்றொடர் கிடைக்காது. சொல்லில் இல்லை, விளைவில் மட்டும் இருக்கிறது. அறுத்த கழுத்தில் இரத்தம் உண்டு, கத்தியில் கறை இல்லை! அடுத்து வந்தது, 1949ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம்: இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கான குடியுரிமைச் சட்டம். மணமானவன் 7 ஆண்டு, மணமாகாதவன் 10 ஆண்டு, 1946 ஜனவரி 1க்கு முன் இடைவிடாது வாழ்ந்திருக்க வேண்டும். போதிய வருவாய் இருக்கவேண்டும். மனைவியும் உடனிருந்திருக்க வேண்டும். தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்வது நம் பெண்கள் வழக்கம் அல்லவா? அந்தத் தாய்வீடு திருச்சிப் பக்கத்திலோ இராமநாதபுரத்திலோ இருந்தால், பிரசவத்துக்குப் போன கப்பலே பிற்பாடு விசாரணைக்கு வந்து நிற்கும். வாழ்க்கையின் ஈரமான பகுதி எதுவோ, அதுவே விண்ணப்பத்தின் ஓட்டை!

விண்ணப்பித்தவர்கள் 8 இலட்சத்துக்கும் மேல். ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர். வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1953இல் அதுவும் சட்டம் செல்லும் என்றது. பிறகு 1964 அக்டோபர் 30: சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். 9,75,000 பேர், அவர்களில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'மீதி' என்று வகுத்தற் கணக்கில் ஓரமாக எழுதிவைப்போமே, அப்படி எழுதிவைத்தார்கள் ஒன்றரை இலட்சம் மனிதரை! பத்தாண்டு கழித்து, 1974இல், அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 எனப் பாதியாக்கினர். மாடுகளைப் பிரிப்போர்கூட, எந்தக் கன்று எந்தப் பசுவினுடையது என்று பார்ப்பர்.

இலங்கையைக் குறைசொல்வது நமக்கு எளிது. மேடையில் கைதட்டும் கிடைக்கும். நம் வீட்டு வினாத்தாளைப் பார்ப்போமா? இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955ஆம் ஆண்டினது. இன்று அது சொல்வது: 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 முடிய இம்மண்ணில் பிறந்தவர் குடிமகன். 1987 ஜூலை முதல் நாளிலிருந்து பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இருவருமே குடிமக்களாக இருக்கவேண்டும். ஒருவர் மட்டும் என்றால், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருத்தல் ஆகாது.

1983 கலவரத்துக்குத் தப்பி வந்த ஒரு தாய், நம் முகாம் ஒன்றில், 1987 ஜூன் 30 நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் முன்னர் ஒரு குழந்தையையும், ஐந்து நிமிடம் பின்னர் அதன் இரட்டையையும் ஈன்றாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தது இந்தியன், இளையது அயலான்! சாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு சோதிடன் வீட்டுக்கு ஓடியவர்களைப் பார்த்து நாம் கைகொட்டிச் சிரித்தோமே. பிறந்த நாழிகையைக் கேட்டுப் பெண்ணின் வாழ்வைக் கெடுக்கிறானே பாவி என்று பேசினோமே! இங்கே அரசாங்கமே பிறந்த நேரம் பார்க்கிறது. செவ்வாய் எங்கே என்று சோதிடன் கேட்டான். தந்தை எங்கே பிறந்தான் என்று சட்டம் கேட்கிறது. இருவருக்கும் எதிரே நிற்பவன் இத்தனை ஆண்டு என்ன செய்தான் என்பதில் அக்கறை கிடையாது.

கற்பனை என்று தள்ளிவிடாதீர். 1986இல் மண்டபத்தில் பிறந்த பெண்ணொருவர், கடவுச்சீட்டு கேட்டபோது மறுக்கப்பட்டார். சட்டத்தின் எழுத்தே அவர் பக்கம் இருந்தும், மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை 2022இல் தீர்ப்புச் சொன்ன பிறகே அவர் குடிமகள் என ஏற்கப்பட்டார். 2024 ஏப்ரல் 19 அன்று முதன்முறையாக வாக்களித்தார். முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயதில் முதல் வாக்கு! 1987 ஜூலையிலோ அதற்குப் பின்னோ பிறந்திருந்தால் அதுவும் இல்லை.

'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்லைச் சற்றே நிறுத்தி உற்றுப் பார்ப்போம். முகாமில் பிறந்து, முகாமுக்கு அருகே உள்ள நம் பள்ளியில் படித்து, பொங்கலுக்குக் கரும்பு தின்று வளர்ந்த பையனுக்கும் இதுவே பட்டம். அவன் எங்கிருந்து ஏறினான்? எந்தக் கடலைத் தாண்டினான்? தாயின் வயிற்றிலிருந்து தரைக்கு வந்ததைத் தவிர வேறு எல்லையைக் கடந்தறியாதவன் குடியேறி! பதிவின்மூலமோ, நீண்டநாள் வாழ்ந்தமையாலோ குடியுரிமை கேட்கும் வழியை அந்த ஒரு சொல் அடைத்துவிடுகிறது. நீண்டநாள் வாழ்ந்தோருக்கான தகுதிகளில் ஒன்று, அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணை மொழி ஒன்றைப் போதுமான அளவு அறிந்திருத்தல். எட்டாம் அட்டவணையில் தமிழ் இருக்கிறது. அந்தத் தேர்வை மட்டும் வைத்தால், முகாம்வாசி முதல் வகுப்பில் தேறுவான். வினா கேட்கும் அலுவலர் தேறுவாரோ, ஐயந்தான்!

2025 செப்டம்பரில் டில்லி ஓர் ஆணை பிறப்பித்தது. 2015 ஜனவரி 9 வரை புகலிடம் தேடி வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. நல்லது, மறுப்பானேன்? சிறை இல்லை என்றது. வீடு உண்டு என்று சொல்லவில்லை.

இனி, வினாத்தாளின் புதுப்பதிப்பு. 2019 டிசம்பரில் திருத்தச் சட்டம். 2024 மார்ச்சு 11 அன்று விதிகள். பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடு. இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறித்துவர் என ஆறு சமயம். 1948இன் சிங்கள எழுத்தாளன் சொல்லாமல் விட்டான். இவர்கள் சொல்லியே விட்டார்கள். பட்டியலில் இசுலாமியர் இல்லை, இலங்கையும் இல்லை. இந்துவாகவே இருந்தாலும் இலங்கைத் தமிழன் என்றால் இடமில்லை! இந்துக்களுக்காகவே இரத்தம் கொதிக்கிறது என்போர், யாழ்ப்பாணத்துச் சைவனைக் கண்டால் மட்டும் வெப்பமானியை உதறுவானேன்?

பகுத்தறிவாளர்கள் இன்னும் ஒரு வரியைக் கண்டிப்பாகப் படிக்கவேண்டும். அஞ்சல் துறைக் கண்காணிப்பாளர் தலைமையிலான மாவட்டக் குழுவின்முன் விண்ணப்பதாரர் நேரில் வந்து நின்று உறுதிமொழி எடுக்கவேண்டும். உள்ளூரில் மதிப்புப் பெற்ற சமூக நிறுவனம் ஒன்றிடமிருந்து, இவர் இன்ன சமயத்தவர், இன்றும் அச்சமயத்திலேயே நீடிக்கிறார் என்று சான்றும் வாங்கிவரச் சொல்கிறது படிவம். இன்றும் நீடிக்கிறார்! மதத்தால் அடிபட்டு ஓடிவந்தவன், ஓடிவந்த வழியில் சிந்தித்து, 'எனக்கு எம்மதமும் வேண்டா' என்று துணிந்தால் என்ன ஆகும்? அவனுக்குச் சான்று தர எந்த மடம், எந்தக் கோயில் முன்வரும்? உயிர் பிழைக்க வந்த இடத்தில் பக்தனாக இருந்தால் குடிமகன், சிந்தித்தால் தெருவோரம். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இத்திருத்தத்தை எதிர்த்து 2021 செப்டம்பர் 8 அன்று தீர்மானம் நிறைவேற்றியதற்கு வேறு காரணம் தேடவேண்டுவதில்லை.

சந்திக்கே திரும்புவோம். இங்கே வரும் மூலதனத்துக்குப் பாட்டன் பெயர் கேட்டவர் உண்டா? 2016இல் டில்லி அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 18 மாதத்தில் 10 கோடியோ, 36 மாதத்தில் 25 கோடியோ முதலீடு செய்து, ஆண்டுக்கு 20 பேருக்கேனும் வேலை கொடுக்கும் அயல்நாட்டாருக்குப் பத்தாண்டு தங்கும் உரிமை. வீடு வாங்கவும் அனுமதி. கொரியாவிலிருந்தும் சப்பானிலிருந்தும் பிழைக்க வந்த பொறியாளர்மீது எனக்குக் காழ்ப்பு கிடையாது. அவர்களும் மாதச் சம்பளத்தார்களே. நான் கேட்பது சட்டத்தை. பத்துக் கோடி இருந்தால் பாதை. பத்து விரல் மட்டும் இருந்தால் பாட்டன் சான்று. இதைவிடத் தெளிவாக வருணாசிரமம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

"எந்த நாடும் வருவோரை விசாரிக்கத்தானே செய்யும்? இதே திருப்பெரும்புதூரில் 1991 மே 21 அன்று நடந்ததை மறந்தாயோ?" என்று ஒரு நண்பர் கேட்டார். மறக்கவில்லை. அது கொடுமை, கொலை எவர் செய்தாலும் கொலை. ஆயின், குண்டு வைத்த சிலரின் குற்றத்தை, அதற்குப் பிறகு பிறந்த பிள்ளையின் நெற்றியில் ஒட்டும் நியாயம் எந்த நீதி நூலில் உள்ளது? விசாரிக்கட்டும். எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தாய், என்ன வேலை செய்தாய், குற்ற வழக்கு உண்டா என்று கேட்கட்டும். இருப்பாயா, ஊர் திரும்புவாயா என்று விருப்பத்தையும் கேட்கட்டும். திரும்ப விழைவோர் பலர் உண்டு, அது அவர் உரிமை. முடியாத காரியமன்று. முப்பாட்டனைக் கேட்ட அதே இலங்கை, 2003இல் 35ஆம் எண் சட்டத்தால், 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் குடிமக்கள் என்றே அறிவித்தது. ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து வந்த அறிவு!

கடைசியாக நம்மவரிடம் ஒன்று கேட்பேன், கோபித்தாலும் சரியே. மலையகத்துக்காகக் கண்ணீர் வடிக்கும் நம் இளைஞரில் சிலர், ஒரகடத்துச் சந்தியில் 'வடக்கன்' என்று கூவுவதைக் காதாரக் கேட்டேன். 'உன் ஊருக்குப் போ' என்ற சொல்லைத் தேயிலைத் தோட்டத்தில் கேட்டு நடுங்கியவன் நம் இனத்தவன். அதே சொல்லை நம் வாயால் இன்னொரு கூலிக்காரனுக்குப் பரிசளிக்கிறோம். அவனை இங்கு அழைத்துவந்து, நம் தொழிலாளிக்குக் குறைந்த கூலியே போதும் என்று கணக்குப் போட்ட ஒப்பந்தக்காரனை விட்டுவிட்டோம். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நம் தெருவுக்கே வந்தது. பழைய பட்டியலில் உன் பெயர் எங்கே, இல்லையேல் பெற்றோர் பெயர் எங்கே என்று படிவம் கேட்டபோது, நாமும் பரண்மேல் ஏறித் தகரப் பெட்டியைத் துழாவினோமே!

அந்த அசாம் இளைஞன் தேநீருக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை. "நீங்க தாத்தா பேரைப் படிச்சீங்க, அண்ணா, அது போதும்" என்றான். இரவு ஷிப்டுக்குப் பேருந்து வந்தது. உறையை மழைபடாதவாறு சட்டைக்குள் செருகிக்கொண்டு ஏறினான்.