சுசீலா ராமன்: ப்ளூஸ் வழியே தமிழ்ப் பாடலுக்கு

சுசீலா ராமன் (பிறப்பு: 1973) லண்டனில் பிறந்த தமிழ்ப் பாடகி, பாடலாசிரியர். ஃபங்க், ராக், ப்ளூஸ் ஆகிய அமெரிக்க இசை வகைகளில் தன் குரலை வளர்த்துக்கொண்டு, பின்னர் கர்நாடக இசைக் கீர்த்தனைகளையும் தமிழ் முருக பக்திப் பாடல்களையும் அந்தக் குரலில் பாடியவர். முதல் இசைத்தொகுப்பான ‘சால்ட் ரெயின்’ (2001) பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2002-ல் பிபிசி ரேடியோ 3-ன் உலக இசை விருதுகளில் புதுமுகத்துக்கான விருதைப் பெற்றார்.

பின்னணி

சுசீலாவின் பெற்றோர் தஞ்சாவூரைச் சேர்ந்தவர்கள். 1960-களின் நடுப்பகுதியில் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தனர். சுசீலாவின் நான்காவது வயதில் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றது. அங்கு கர்நாடக இசை பயின்று சிறுவயதிலேயே கச்சேரிகள் செய்தார். பதின்ம வயதில் சிட்னியில் சொந்தமாக இசைக்குழு தொடங்கி ஃபங்க், ராக் பாடல்களைப் பாடினார். பின்னர் ப்ளூஸ், ஜாஸ் பக்கம் நகர்ந்தார். 1995-ல் இந்தியா வந்து ஜெய்ப்பூர்-அத்ரௌலி மரபைச் சேர்ந்த இந்துஸ்தானி பாடகி ஸ்ருதி சடோலிகரிடம் பயின்றார். 1997-ல் இங்கிலாந்து திரும்பி, கிதார் கலைஞர் சாம் மில்ஸுடன் இணைந்து பணியாற்றத் தொடங்கினார். சாம் மில்ஸ் அதற்கு முன் வங்கத்தின் பாவுல் பாடகர் பபன் தாஸுடன் ‘ரியல் சுகர்’ என்ற தொகுப்பை உருவாக்கியவர்.

பிரிட்டனும் ப்ளூஸும்

ப்ளூஸ் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின உழைப்பாளிகளிடையே பிறந்தது. சோல் இசை, அவர்களுடைய தேவாலயப் பாடும் முறையை உலகியல் பாடலுக்குக் கொண்டுவந்தது. இவை இசைத்தட்டுகள் வழியாகவே பெரிதும் பிரிட்டன் இளைஞர்களைச் சென்றடைந்தன. 1958-ல் மட்டி வாட்டர்ஸ் இங்கிலாந்தில் பாடினார். 1962-ல் அலெக்சிஸ் கார்னரும் சிரில் டேவிஸும் லண்டன் ஈலிங்கில் நடத்திய மன்றத்தில் பின்னாளைய ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் ஒன்றுகூடினர். டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் 1969-ல் ‘டஸ்டி இன் மெம்ஃபிஸ்’ தொகுப்பின் மூலம் சோல் பாடகியாக நிலைபெற்றார்.

இவர்கள் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அந்தத் துயரை வாழாதவர் அந்தப் பாடலைப் பாடலாமா? சுசீலாவிடம் இக்கேள்வி இருமடங்காகிறது. ப்ளூஸ் அவர் முன்னோருடையது அல்ல. முன்னோருடைய கர்நாடக இசையோ, அது அன்றாடம் ஒலிக்கும் ஊர்களிலிருந்து விலகி, பாடமாக வந்து சேர்ந்தது. ப்ளூஸோ அவர் தானே தேர்ந்து அடைந்த இசை. அவர் கீர்த்தனை பாடும்போதும் அந்தத் தேர்வின் தடம் கேட்கிறது.

கீர்த்தனைகள்

‘சால்ட் ரெயின்’ தொகுப்பில் தியாகராஜரின் ‘நகுமோமு’, மைசூர் வாசுதேவாச்சாரின் ‘மாமவது’ ஆகிய கீர்த்தனைகள் உள்ளன. அதே தொகுப்பில் டிம் பக்லியின் ‘சாங் டு தி சைரன்’ பாடலும் இடம்பெறுகிறது.

‘நகுமோமு’ ஆபேரி ராகத்தில் பாடப்படுவது. ஆபேரியின் ஆரோகணத்தில் வரும் ஐந்து ஸ்வரங்கள் (ஸ, க₂, ம₁, ப, நி₂) ப்ளூஸ் கிதார் கலைஞர்கள் முதலில் பழகும் ஐந்து ஸ்வர வரிசையேதான். ஆகவே இரண்டையும் இணைப்பது எளிது என்று தோன்றும். உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ப்ளூஸில் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் பாடகர் தன் உணர்வுக்கேற்ப வளைக்கிறார். அந்த வளைவு அந்தக் கணத்துக்குரியது. ராகத்தில் கமகம் மரபால் வகுக்கப்பட்டது. ஸ்வரம் அசையும் விதமே ராகத்தின் அடையாளம். ஸ்வரங்கள் ஒன்றாக இருந்தாலும் அவற்றை ஆளும் விதிகள் வேறு.

சுசீலா இங்கு ப்ளூஸின் விதியையே மிகுதியும் பின்பற்றுகிறார். சங்கதிகள் சுருங்குகின்றன. நிரவலுக்கும் கல்பனாஸ்வரத்துக்கும் இடமில்லை. எஞ்சுவது மெட்டும் அதன் ஏக்கமும். ‘நகுமோமு’ ஒரு மன்றாட்டு என்பதால் அந்த ஏக்கம் பாடலுக்குப் பொருந்துகிறது. ஆனால் கீர்த்தனை என்பது ஒரு கட்டுமானமும்கூட. ஒவ்வொரு சங்கதியும் முந்தையதிலிருந்து வளர்ந்து எழும் அனுபவம் இவற்றில் கிடைப்பதில்லை. கீர்த்தனை நல்லதொரு பாட்டாகிறது. அதன் கட்டிடம் கைவிடப்படுகிறது.

முருகன் பாடல்கள்

‘லவ் ட்ராப்’ (2003), ஒரு பகுதி சென்னையில் பதிவான ‘மியூசிக் ஃபார் குரோகடைல்ஸ்’ (2005) ஆகியவற்றுக்குப் பின் ‘33 1/3’ (2007) தொகுப்பில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், பாப் டிலன் முதலியோரின் பாடல்களைத் தன் பாணியில் பாடினார். 2011-ல் வெளிவந்த ‘வேல்’ அவருடைய முக்கியமான ஆக்கம். அதற்காகத் தமிழ்நாட்டில் தங்கி, பக்திப் பாடகி கோவை கமலாவிடம் முருகன் பாடல்களைக் கற்றார்.

‘பால்’, ‘என்னப்பனே’ போன்ற பாடல்களில் அவருடைய குரல் கீர்த்தனைகளில் அடையாத இயல்பை அடைகிறது. காரணம் பாடலின் அமைப்பில் உள்ளது. காவடிப் பாடலிலும் பஜனையிலும் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கூட்டம் திருப்பிப் பாடுகிறது. தாளம் மெல்ல விரைகிறது. ஒரே சொல் மீண்டும் மீண்டும் வந்து உச்சத்தை எட்டுகிறது. சோல் இசைக்குத் தாயான கறுப்பினத் தேவாலயப் பாடலின் அமைப்பும் இதுவே. சபா மேடையில் ஒட்டாத ப்ளூஸ் குரல், கோயில் வாசலில் ஒட்டிக்கொள்கிறது.

தமிழில் இதற்கு முன்மரபு உண்டு. கே.பி. சுந்தராம்பாள் ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடிப் பழகியவர். உச்ச ஸ்தாயியில் திறந்து எறியப்படும் அந்தக் குரலை நளினத்தைக் கொண்டு அளக்க முடியாது. சுசீலாவின் முருகன் பாடல்களைச் சபா மரபுக்குப் பக்கத்தில் வைப்பதைவிட இந்த மரபுக்குப் பக்கத்தில் வைப்பதே பொருத்தம்.

மதிப்பீடு

சுசீலாவை நோக்கி இரண்டு குற்றச்சாட்டுகள் எழலாம். கீர்த்தனையின் மரபைக் குலைக்கிறார் என்பது ஒன்று. அது ஓரளவு உண்மை. மேலே சொன்ன இழப்பு பொருட்படுத்தத்தக்கது. பக்தியை மேலைநாட்டு மேடைக்கான ஆவேசக் காட்சியாக மாற்றுகிறார் என்பது இன்னொன்று. இது மேலும் கவனத்துக்குரியது. ‘உலக இசை’ என்பது 1987-ல் லண்டனில் இசைத்தட்டு நிறுவனத்தினர் கூடி விற்பனை வசதிக்காகத் தேர்ந்துகொண்ட பெயர். அந்த அடுக்கில் வைக்கப்படும்போது பாடலின் சொல் ஒலியாக மட்டுமே கேட்கப்படும். பழனிக்கு நடந்து செல்பவருக்கு முருகனின் பெயரும் மலையும் நேர்த்திக்கடனும் பாடலின் பொருள். தமிழறியாத பார்வையாளருக்கு அதில் எஞ்சுவது வேகம் மட்டுமே. ‘வேல்’ தொகுப்பின் சில இடங்களில் தாளம் சொல்லை மூடிவிடுகிறது என்பதையும் சொல்லவேண்டும்.

ஆனால் பாடல்களைப் பதிவிலிருந்து எடுத்துக்கொள்ளாமல், அவற்றைப் பாடி வாழ்பவரிடம் சென்று கற்றார் என்பது அவரை வேறுபடுத்துகிறது. பிரிட்டனின் ப்ளூஸ் கலைஞர்கள் பெரும்பாலும் இசைத்தட்டின் முன் அமர்ந்து கற்றவர்கள். சுசீலாவுக்கு ஆசிரியர் எதிரே இருந்தார்.

‘குயின் பிட்வீன்’ (2014) தொகுப்பில் கவ்வாலி, ராஜஸ்தானி இசைக்கலைஞர்களுடனும் ‘கோஸ்ட் கேமலான்’ (2018) தொகுப்பில் ஜாவா இசைக்கலைஞர்களுடனும் இணைந்து பணியாற்றினார். இந்த விரிவுக்கு நடுவிலும் அவருடைய தனித்த பங்களிப்பு முருகன் பாடல்களே. தமிழ்ப் பக்திப் பாடலுக்குள் செவ்வியல் நுட்பத்துக்கு இணையாக, கூட்டத்தின் தொண்டையிலிருந்து எழும் ஓர் இசை உண்டு. தமிழ் விமர்சனம் அதற்கு உரிய இடம் தந்ததில்லை. வேறொரு கண்டத்தின் இசையில் பழகிய குரல் ஒன்று அதை அடையாளம் கண்டுகொண்டது.