கிளிக்குள் உயிர்: தேவனூர் மகாதேவாவின் உருவகமும் அதன் எல்லையும்

மைசூர் மாவட்டம் நஞ்சன்கூடு வட்டத்துத் தேவனூரில் பிறந்த கன்னட எழுத்தாளர் தேவனூர் மகாதேவா, 2022இல் வெளியிட்ட 'ஆர்.எஸ்.எஸ்: ஆழ மத்து அகல' என்னும் சிறுநூலில் ஒரு நாட்டுப்புறக் கதையை உருவகமாகக் கையாள்கிறார். மந்திரவாதியின் உயிர் ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளிக்குள் உள்ளது. கிளியைக் கண்டடையாமல் அவனை வெல்ல இயலாது. அவ்வியக்கத்தின் உயிரை அவர் கோல்வல்கர் முதலியோரின் எழுத்துகளில் தேடுகிறார். தமிழ்க் கதைமரபும் நன்கறிந்த இவ்வுருவகத்திற்கு ஓர் எல்லை உண்டு. தீமையின் உயிரைத் தொலைவில் வைக்கும் அது, ஒற்றை அதிகாரத்தின்பால் மக்கள் கொள்ளும் மயக்கத்திற்குக் காரணம் கூறுவதில்லை.

அக்காரணத்தை அவரது 'குசுமபாலெ' (1984) புதினத்தில் காணலாம். சாகித்திய அக்காதெமி விருது (1990) பெற்ற அப்புதினத்தில் மந்திரவாதி இல்லை. சாதி கடந்த உறவுக்காகத் தலித் இளைஞன் ஒருவன் கொல்லப்படுகிறான். இரவில் விளக்குகளின் ஆவிகள் கூடி உரையாடுகின்றன. மனிதர் வாய் திறவாத இடத்தில் விளக்குகள் பேசுகின்றன எனப் பொருள்கொள்ளலாம். வாக்குரிமை வந்த ஊருக்கு நீதி வரவில்லை. குடியாட்சியின் இக்குறையே வலிய கையொன்றுக்கான ஏக்கத்தை வளர்க்கிறது. ஆயின் அக்கை நீதி வழங்கும் என்பதற்கு 1975-77 நெருக்கடிநிலை சான்றாகாது. குறையைச் சுட்டும் உரிமையையே அது பறித்தது. குறையுள்ள குடியாட்சியில் அவ்வுரிமையேனும் எஞ்சுகிறது.

எனவே, கிளியைத் தேடுவோர் தம் வீட்டுக் கூரையிலிருந்தே தேடலைத் தொடங்குதல் வேண்டும் என்பது இவ்விரு நூல்களின் இணைவாசிப்பால் பெறப்படும் முடிவாகும்.