மூன்று உருளைக் கணக்கு

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டின் நீளத்தைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். அதைத் தாங்கும் உருளைகளை யார் கவனிக்கிறார்கள்?

சுமை போகும் மேல்பக்கத்தில் மூன்று உருளைகள் சேர்ந்து தொட்டில்போல் நிற்கும். ஓரத்து இரண்டும் பெரும்பாலும் 35 டிகிரி சாய்ந்திருக்கும். அந்தக் குழிவால்தான் கரி சிந்துவதில்லை. வெறும் பெல்ட் திரும்பும் கீழ்ப்பக்கத்துக்கு 3 மீட்டருக்கு ஒன்று போதும். கரி வந்து விழும் இடத்திலோ ரப்பர் வளையம் கோத்த உருளைகளை நெருக்கி வைப்பார்கள். அடி வாங்குவது அவைதானே!

பெல்ட் இல்லாமல் உருளைகள்மேலேயே அட்டைப்பெட்டி ஓடும் கிடங்கில் கணக்கு வேறு. எந்நேரமும் பெட்டிக்கடியில் 3 உருளையாவது இருக்க வேண்டும். 300 மில்லிமீட்டர் பெட்டிக்கு உருளை இடைவெளி 100 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பெட்டி மூக்குக் குத்தும்.

பெல்ட் உருளையைப் பொருத்தும் விதம் இன்னும் அழகு. தண்டின் நுனியை இருபுறமும் தட்டையாகச் சீவி, தாங்கிச் சட்டத்தின் காடியில் இறக்கிவிடுகிறார்கள். பழுதானதைத் தூக்கி எடுத்து வேறொன்றைச் செருகிவிடலாம். ஆனால் சட்டம் சற்றே கோணினாலும் பெல்ட் ஒருபக்கம் ஒதுங்கி ஓரம் பிய்ந்துபோகும்.

தூசி புகும் பேரிங் உள்ள உருளையை மலிவாக வாங்குவது வீண் சிக்கனம். சுற்றாமல் இறுகிய உருளையை பெல்ட் உரசி உரசிக் கத்தியாக்கிவிடும்; பிறகு அதுவே பெல்ட்டை அறுக்கும். கையால் சுழற்றிப் பார்த்து வாங்குங்கள். கரகரத்தால் வேண்டாம்.