இஞ்சிவேரும் ஐரோப்பியச் சொற்களும்: சொற்பிறப்பாய்வு நெறி குறித்த மறுபார்வை

கல்கத்தாவில் 1784-இல் நிறுவப்பெற்ற ஆசியக் கழகத்தில் 1786 பிப்ரவரி 2 அன்று சர் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரை ஒப்பியல் மொழிநூலின் தொடக்கங்களுள் ஒன்றாகப் போற்றப்பெறுகிறது. சமற்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றுக்குப் பொது மூலம் இருந்திருக்க வேண்டும் என்று கருதிய அவர், அதற்குச் சான்றாகக் கொண்டவை வினையடிகளும் இலக்கண வடிவங்களுமே ஆகும். வணிகப் பொருள்களின் பெயர்கள் அல்ல. இவ்வேறுபாடு தமிழ்ச் சொற்பிறப்பு முயற்சிகள் பலவற்றில் மறக்கப்படுகிறது. இதனை இஞ்சி என்னும் சொல்லைக் கொண்டு ஆராய்வது பயனுடையது.

சொல்லின் பரவல்

இஞ்சி கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ், இலத்தீனில் ஸிங்கிபெர், ஆங்கிலத்தில் ஜிஞ்சர், செருமானியத்தில் இங்வர், உருசியத்தில் இம்பீர், பின்னிய மொழியில் இங்கிவாரி. இவற்றுள் பின்னியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேராதது. அம்மொழியிலும் இச்சொல் வழங்குவது, இது குடும்ப உறவால் வந்த சொல்லன்று, சரக்கோடு சென்ற சொல் என்பதைத் தெளிவாக்கும். ஜோன்ஸ் உரையாற்றிய நகரத்தின் வங்காள மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தது. எனினும் அங்கு இஞ்சிக்கு வழங்கும் பெயர், சமற்கிருத ஆர்த்ரகத்தினின்று வந்த 'ஆதா' என்பதாகும்.

ஒலியொப்புமையின் மயக்கம்

இஞ்சிவேர் என்பதே ஜிஞ்சர் ஆயிற்று என்பது பரவலான விளக்கம். மூலம் திராவிடம் என்னும் அளவில் இது பொருந்தும். காட்டும் வழி பொருந்தாது. தமிழ் வடிவம் உயிரெழுத்தில் தொடங்குகிறது. கிரேக்க வடிவமோ மெய்யில் தொடங்குகிறது. தமிழில் 'ஞ்ச' உள்ள இடத்தில் கிரேக்கத்தில் 'ங்க' உள்ளது. பாலி மொழியின் சிங்கிவேர என்னும் வடிவமும் இவ்விரண்டிலும் கிரேக்கத்தோடு ஒத்து நிற்கிறது.

தென்திராவிடத்தில் மொழிமுதல் சகரம் கெடுதலை பர்ரோ 1947-இல் விரிவாக ஆராய்ந்தார். சிறகு, இறகு என்னும் இரட்டை வழக்கும், தமிழ் 'ஆறு' என்னும் எண்ணுப்பெயருக்குக் கோண்டியில் 'சாரூங்' என வழங்குவதும் இம்மாற்றத்தைக் காட்டுவன. இகரத்தின் முன் ககரம் அண்ணச் சாயல் பெறுதலும் தமிழ் அறிந்த மாற்றமே. எனவே பழைய வடிவம் 'சிங்கிவேர்' என மீட்டுருவாக்கப்பெறுகிறது. சமற்கிருதத்தின் சிருங்கவேரம், கொம்பு என்னும் பொருள் தோன்ற அதனைத் திருத்தியமைத்த வடிவமாகும்.

ஆங்கிலச் சொல்லின் 'ஞ்ஜ' தமிழிலிருந்து சென்றதன்று. இடைக்கால இலத்தீன் வடிவத்தின் ககரம் பிரெஞ்சு வழியில் இகரத்தின் முன் திரிந்ததன் விளைவு அது. செருமானிய இங்வர் என்பதும் இஞ்சிவேர் போன்றே உயிரில் தொடங்கினும், அதன் பழைய வடிவம் கிங்கிபெரோ ஆகும். முதல்மெய் அம்மொழியிலேயே கெட்டது. ஆகவே தமிழோடு மிக நெருங்கித் தோன்றும் கூறுகளே தனித்தனியே நிகழ்ந்த மாற்றங்களாக அமைகின்றன. விலகித் தோன்றும் கிரேக்க வடிவமே பழந்தமிழுக்கு அண்மையது.

முடிவாக

ஒலியொப்புமையோடு நின்றுவிடும் ஆய்வு, ஒரு தமிழ்ச்சொல் ஐரோப்பாவை அடைந்தது என்னும் பெருமிதத்தோடு முடிந்துவிடும். ஒலிமாற்ற நெறியைப் பின்பற்றும் ஆய்வோ, தமிழ் தானே இழந்துவிட்ட தன் பழைய வடிவத்தை அயல்மொழிச் சான்றுகளிலிருந்து மீட்டுத் தருகிறது. வேற்றுமைகளை மறைக்காது விளக்குவதே தமிழின் தொன்மைக்கு உறுதியான சான்றாகும்.