ஊதா மூடிக்கு முன்

1997இல் தோ பாயோ மருத்துவமனையும் பழைய சாங்கி மருத்துவமனையும் ஒன்றாகி, சிங்கப்பூரின் சீமெய்யில் சாங்கி பொது மருத்துவமனை உருவானது. இது போன்ற பெரிய இடமானாலும் அக்கம்பக்கத்துக் கிளினிக்கானாலும், டாக்டருக்கு முன்பே நம்மைப் பார்த்துவிடுபவர் மருத்துவ உதவியாளர்தான்.

அனுபவப்பட்டவர் ரத்தம் எடுப்பதைப் பார்க்க எனக்கு அலுப்பதேயில்லை. முதலில் பெயரையும் அடையாள எண்ணையும் நம் வாயாலேயே சொல்லவைப்பார். பிறகு விரல்நுனியால் ரத்தநாளத்தைத் தேடுவார். கண்ணுக்குத் தெரிவதைவிட, தொட்டால் துள்ளுவதையே நம்புவார். குழாய்களுக்கும் வரிசை உண்டு: நீல மூடி முதலில், ஊதா மூடி பின்னால். ஊதாக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் பொட்டாசியம் சேர்ந்த உப்பு இருக்கிறது. வரிசை மாறி, அது சிறிதளவு அடுத்த குழாய்க்குள் போனாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். இல்லாத நோய்க்கு வைத்தியம் தொடங்கக்கூடும். நிரம்பிய குழாயைக் குலுக்கமாட்டார், சிவப்பணுக்கள் உடைந்துவிடும். ஊதாக் குழாயை எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துவார். லேபிளையும் நம் கண்முன்னேயே ஒட்டுவார். எவ்வளவு அழகான கவனம்!

“பாட்டி, காலைப் பின்னிக்காதீங்க. அஞ்சு நிமிஷம் பேசாம உக்காருங்க, அப்புறம் பிரஷர் பாக்கலாம்” என்பார். அடுத்து வரும் மலாய் மூதாட்டியிடம் அதையே மலாயில், “மக்சிக்” என்றழைத்துச் சொல்வார். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றும் புதியவரைத் தடுத்து, பெரியதை எடுத்துக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. சின்னப் பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும்.