எரியும் வீட்டினுள் இருந்தது யார்?

நெருப்பை அவிப்பதற்கும் குழந்தையை மார்போடு சேர்த்துக் கொள்வதற்கும் தமிழில் 'அணைத்தல்' என்னும் ஒரே சொல் வழங்குகிறது. அரபியர் தீயணைப்பு வீரரை 'ரஜுலுல் இத்ஃபா' என்பர். அங்கே அவித்தல் உண்டு, தழுவுதல் இல்லை. குழந்தைகளுக்கான தீயணைப்புக் கதைகளோ பெரும்பாலும் தமிழ்ச் சொல்லின் இரு பொருளையும் ஒரே படத்தில் காட்டிவிடுகின்றன. மாடிச் சன்னலில் ஒரு குழந்தை அழுகிறது; ஏணி உயர்கிறது; வீரர் ஏறுகிறார்; கடைசிப் பக்கத்தில் குழந்தை தாயின் கையில் இருக்கிறது.

அக்குழந்தையைச் சன்னலில் நிறுத்தியவர் நூலாசிரியர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். உள்ளே ஓர் உயிர் இருந்தால்தான் ஒருவர் நெருப்பினுள் புகுவதற்கு நியாயம் கிடைக்கும். உள்ளே ஒன்றுமில்லை எனில்? இவ்வகை நூல்களைத் தரம் பிரிக்க இக்கேள்வியே போதுமான அளவுகோல் என நான் கருதுகிறேன்.

இதனை முதலில் எனக்கு உணர்த்தியது டால்ஸ்டாய் சிறுவர்களுக்காக எழுதிய ஒரு பக்கக் கதை. இலண்டன் தீயணைப்பு வீரர்கள் வளர்க்கும் பாப் என்னும் நாய், எரியும் வீட்டிலிருந்து இரண்டு வயதுச் சிறுமியைச் சட்டையைக் கவ்வி வெளியே கொண்டுவருகிறது. தாய் மகிழ்ந்து அழுகிறாள். நாயோ மீண்டும் உள்ளே செல்லத் திமிறுகிறது. இன்னும் ஏதோ உயிர் இருக்கிறதென எண்ணி வீரர்கள் அதை விடுகிறார்கள். அது கவ்வி வருவது ஒரு பெரிய பொம்மை. கூடியிருந்தோர் சிரிக்கிறார்கள், கதை முடிகிறது.

இதை என் மகளின் மகனுக்குச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. "நன்னா, அதை ஏன் திரும்ப உள்ளே விட்டாங்க?" என்று கேட்டான். முப்பதாண்டு பாடம் நடத்தியவனிடம் விடை இல்லை. குழந்தைக்காகப் புகுந்தபோது இருந்த அதே நெருப்புத்தான் பொம்மைக்காகப் புகுந்தபோதும் இருந்தது. டால்ஸ்டாய் இதை விளக்காமல் விட்டதே அக்கதையின் பெருமை. நம் பாடநூலார் கையில் கிடைத்திருந்தால் கீழே ஒரு நீதியை ஒட்டியிருப்பார்கள்.

சன்னலில் குழந்தை இல்லாத இன்னொரு சிறுவர் நூல், மைரா கால்மன் எழுதி வரைந்து 2002இல் வெளிவந்த 'ஃபயர்போட்'. செப்டம்பர் 11 பற்றிய நூலெனின் நம்மவர் சற்றுத் தயக்கத்துடனேயே கையில் எடுப்பர்; காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்நூலைத் தயங்காமல் எடுக்கலாம். 1931இல் நியூயார்க்கில் நீரில் இறங்கி, பின்னர் பணிக்கு உதவாதென ஒதுக்கப்பட்ட 'ஜான் ஜே. ஹார்வி' என்னும் தீயணைப்புப் படகே இதன் நாயகன். இரட்டைக் கோபுரங்கள் சரிந்தபோது தெருக் குழாய்களில் நீர் வரவில்லை. ஓய்வுபெற்ற படகு ஆற்றிலிருந்து நீர் இறைத்துக் கொடுத்தது. நூலின் கவனம் அந்த நீரின்மீதே நிற்கிறது. தொடக்கப் பக்கங்களின் துள்ளல் சற்று மிகை. ஆயினும் குழந்தையிடம் பொய் சொல்லவில்லை.

பெரியோர்க்கான நூல்களில் நார்மன் மக்லீனின் 'யங் மென் அண்ட் ஃபயர்' தலையாயது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த பேராசிரியர் அவர். முதுமையில் இதைத் தொடங்கி, முடிக்காமலே 1990இல் மறைந்தார். நூல் 1992இல் வெளிவந்தது. 1949 ஆகஸ்ட் 5 அன்று மொன்டானா மாநிலத்தின் மேன் கல்ச் பள்ளத்தாக்கில் காட்டுத்தீயை அணைக்க 15 பேர் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தனர். கீழே வனக்காவலர் ஒருவர் சேர்ந்துகொண்டார். அவர்களுள் 13 பேர் மாண்டனர். அங்கே காப்பாற்ற வேண்டிய வீடில்லை, தாயில்லை, சேயில்லை. புல்லும் மரமும்தான்.

தீ பின்னால் துரத்த, செங்குத்தான சரிவில் எல்லோரும் மேல்நோக்கி ஓடினர். தலைவர் வேக்னர் டாட்ஜ் திடீரென நின்று, தம் எதிரிலிருந்த புல்லுக்குத் தாமே தீவைத்தார். எரிந்து முடிந்த சாம்பலில் படுத்தால் பெருந்தீ தீண்டுவதற்கு ஒன்றுமிராது என்பது அவர் கணக்கு. கைகாட்டி அழைத்தார், ஒருவரும் வரவில்லை. நெருப்பிலிருந்து ஓடும் ஒருவனிடம் நெருப்பினுள் வா என்றால் எப்படி வருவான்? டாட்ஜ் பிழைத்தார், மலைமுகட்டுப் பாறை இடுக்கில் நுழைந்து மேலும் இருவர் பிழைத்தனர். அவர் வைத்த தீதான் என் மகனைக் கொன்றது என்று இறந்தவர் ஒருவரின் தந்தை குற்றம் சாட்டினார்.

மக்லீன் அந்த இருவரையும் 1978இல் அதே சரிவுக்கு அழைத்துச் சென்று எங்கே நின்றீர்கள், எதைக் கண்டீர்கள் என்று கேட்கிறார். தீயின் வேகத்தைக் கணக்கிடும் அறிவியலாரை நாடுகிறார். ஓர் அறிவிப்பை அதன் அறிவிப்பாளர்வரை சென்று சோதிக்கும் மரபில் பயின்ற நமக்கு இந்த உழைப்பு அந்நியமன்று. நூலில் கூறியது கூறல் மிகுதி. கணக்குகள் நடுப்பகுதியை இழுத்தடிக்கின்றன. இரண்டாம் வாசிப்பில் நான் சில பக்கங்களைத் தாண்டியே சென்றேன். ஆனால் அவர்களின் சாவுக்கு ஒரு பயனைக் கற்பித்து ஆறுதல் அடைய அவர் முயலவேயில்லை.

டேவிட் ஹால்பர்ஸ்டாமின் 'ஃபயர்ஹவுஸ்' (2002) அளவில் சிறியது. நியூயார்க் நகரம் அன்று இழந்த 343 தீயணைப்பு வீரர்களுள் ஒரே நிலையத்தைச் சேர்ந்த 12 பேரின் கதை இது; அங்கிருந்து வண்டியேறியவர்கள் 13 பேர். துக்கம் ஆறுமுன் எழுதியதால் எல்லோரும் நல்லவர்களாகவே வருகிறார்கள். இருபது பக்கம் தாண்டினால் ஒருவரை மற்றவரிலிருந்து பிரித்தறிவது கடினம். நிலையத்துச் சமையலறை பற்றிய பகுதிகளில்தான் நூல் உயிர்பெறுகிறது. தப்பிய ஒருவர் கடும் காயத்துடன் மருத்துவமனையில் கண்விழித்தபோது, அங்கே என்ன நடந்ததென அவர் நினைவில் இல்லை. தாம் பிழைத்தது எப்படி, யாரை விட்டு வந்தோம் என்று அவர் பிறரைக் கேட்டுத் திரிகிறார். ஹால்பர்ஸ்டாம் தேர்ந்த பத்திரிகையாளர். அந்த வெற்றிடத்தில் ஒரு குழந்தையையோ தாயையோ வைத்து நிரப்ப அவருக்கு அரை மணி நேரம் போதும். அதை அவர் அப்படியே விட்டிருக்கிறார்.