ஆனைக்காவிற் சிலம்பி

சிவபெருமான் திருமுன்னர் எல்லா உயிரும் சமம் என்பதற்குத் திருவானைக்காவின் சிலம்பியையும் யானையையும் எடுத்துக்காட்டுவது நம் சொற்பொழிவாளர்க்கு வழக்கமாகிவிட்டது. யானை பெரிது, சிலம்பி சிறிது, இரண்டும் பூசித்தன, இரண்டும் உய்ந்தன, ஆகவே எல்லாரும் ஒன்று எனக் கூறி முடித்துவிடுகின்றனர். கேட்டோரும் மகிழ்ந்து கலைகின்றனர். இம்முடிபு பொய்யன்று. ஆயினும், சேக்கிழார் பெருமான் அருளிய கோச்செங்கட்சோழ நாயனார் புராணத்தை இவ்வளவிற் சுருக்குதல் அதன் உயிர்நிலையை விட்டுவிடுதலாகும். என்னை? அவ்விரண்டும் ஒன்றையொன்று சமமாக மதிக்கவில்லை என்பதே அவ்வரலாற்றின் நடுவிடமாகலின்.

புராணத்தை ஊன்றிப் படிப்பார்க்கு இது விளங்கும். வெண்ணாவலின் சருகுகள் பெருமான் திருமேனிமேல் உதிராவண்ணம் சிலம்பி தன் வாய்நூலால் மேற்கட்டி அமைத்தது. துதிக்கையில் நீரும் மலரும் கொண்டு வழிபட வந்த யானை அதனைக் கண்டு, ‘அநுசிதம்’ என்று எண்ணிச் சிதைத்தது. இவ்வொரு சொல்லே ஈண்டு ஆராயற்பாலது. யானை பகையினால் அழிக்கவில்லை; சிலம்பியை அது கண்டதுமில்லை. பெருமான் திருமேனியின் தூய்மையைப் பேணவே அழித்தது. அதன் அன்பும் மெய்யன்பே. ஆதலாலன்றோ அதற்கும் இறைவன் வரம் அளித்தான்! ஆயின், இது யார் செய்தது, எதற்காகச் செய்தது என்று அது வினவவில்லை. தனக்குப் பழக்கமில்லாத தொண்டு தொண்டாகாது எனத் தானே தீர்ப்புச் செய்துகொண்டது.

சிலம்பியின் நிலையோ வேறு. வலை அழிந்த முதல்நாள் அது சினங்கொள்ளவில்லை. யானையின் கை தற்செயலாகச் சுழன்றதுபோலும் என்று நல்லெண்ணம் கொண்டு மீளவும் நூல் இழைத்தது. மறுநாளும் அழியக் கண்ட பின்னரே, தான் வருந்திச் செய்த பணியை வேண்டுமென்றே அழிக்கின்றது என உணர்ந்து வெகுண்டு, துதிக்கையினுட் புகுந்து கடித்தது. கடியுண்ட யானை கையை நிலத்தில் மோதி வீழ்ந்தது. உள்ளிருந்த சிலம்பியும் மாய்ந்தது. அந்த முதல்நாட் பொறுமையை நம் சொற்பொழிவாளர் பெரும்பாலும் சொல்வதேயில்லை. வல்லாரின் செயலுக்கு எளியார் நற்பொருள் கற்பித்துக் காத்திருந்ததை மறைத்துவிட்டு, எளியார் கடித்ததை மட்டும் சொல்லுங்கால் நடுவுநிலை பிறழ்ந்துவிடுகின்றது.

இனி, சோழர் குலத்துச் செங்கணாராய்ப் பிறந்த சிலம்பி பழம்பகையால் யானை ஏறமாட்டாத மாடக்கோயில்களாகக் கட்டியது என்பது நாட்டில் வழங்கும் கதை. திருமங்கையாழ்வார் இவ்வரசர் எழுபது மாடங்கள் எடுத்தமையைப் பாடியுள்ளார். சேக்கிழாரோ, ஆனைக்காவில் முற்பிறப்பில் அருள்பெற்றமையை அறிந்து அங்குத் திருக்கோயில் சமைத்தார் என்றும், சோணாடெங்கும் கோயில்கள் எடுத்தார் என்றும், தில்லைவாழந்தணர்க்கு மாளிகைகள் அமைத்தார் என்றும் கூறுகின்றாரேயன்றி, யானையை விலக்கியதாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. பகையைப் பிறவிதோறும் தொடரவிட்டவர் கதை கட்டினோரே, புராணம் பாடியவரல்லர். (யானையை விலக்கியதாகச் சொல்லப்படும் அவ்வாலயத்திலேயே யானை பணிசெய்து வருதலை அன்பர்கள் கண்டிருப்பர்.)

இத்தலத்தில் வழங்கும் பிறிதொரு வரலாறு இதனினும் மிகுதியாகப் பேசப்படத் தக்கது. திருமதிற் பணி நடந்தபொழுது பெருமான் சித்தர் வடிவில் எழுந்தருளிப் பணியாளர்க்குத் திருநீற்றையே கூலியாக அளித்தார் என்றும், அது அவரவர் உழைப்புக்குத் தக்க பொன்னாயிற்று என்றும், அதனால் அம்மதில் திருநீற்று மதில் எனப் பெயர்பெற்றது என்றும் கூறுவர். கொடுத்த பொருள் எல்லார்க்கும் ஒன்று. விளைந்த பொருள் உழைப்பின் அளவு. இன்ன குலத்தான் என்பது அக்கணக்கில் இடம்பெறவேயில்லை. முதியோனும் நோயாளியும் தம் ஆற்றல் முழுதும் செலுத்திச் சிறிதே கல் சுமந்திருப்பின் அவர்க்கு எவ்வளவு பொன் என்று ஒருவர் வினவலாம். சுமந்த கல்லையன்றி உழைப்பையே அளவாகக் கொண்டதாக வரலாறு கூறுதலின், அவர்க்கும் குறைவிராது என்று கொள்ளுதலே பொருத்தம்.

மீண்டும் புராணத்துக்கு வருவோம். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் செங்கணாரை அடுத்துத் திருநீலகண்ட யாழ்ப்பாணரை வைத்து, இருவர்க்கும் ‘அடியேன்’ என்ற ஒரு சொல்லையே வழங்கினார். நாடாண்ட வேந்தர்க்கும், அந்நாளிற் கோயிலினுட் புகமாட்டாது வாயிலில் நின்று யாழிசைத்த பாணர்க்கும் வேறுபட்ட வணக்கம் அவரிடத்தில்லை. வழிநூல் செய்த சேக்கிழார் அப்பாணர்க்கு நேர்ந்தவற்றை மறையாது எழுதுகின்றார். ஆலவாயில் இறைவன் அன்பர்கட்குக் கனவில் ஆணையிட்டு அவரைத் தன் திருமுன் கொணர்வித்தான். நிலத்தின் ஈரம் யாழைத் தாக்கும் என்று பொற்பலகையும் இடுவித்தான். சாத்தமங்கையில் அந்தணராகிய திருநீலநக்கர் அவரை வேள்வி வேதியின் பக்கலிலேயே துயிலச் செய்ய, வேதித் தீ முன்னிலும் மேலாக வலஞ்சுழித்து ஓங்கிற்று. திருவாரூரிலோ வடதிசையில் வேறு வாயில் வகுக்கப்பட, அதன்வழிப் புகுந்து வணங்கினார்.

இவ்வேறு வாயிலே இடர்ப்பாடுடையது. இது தனிச்சிறப்பு என்பாரும் உளர்; பிரிவினை என்பாரும் உளர். ஆலவாயிற் பலகைக்குக் காரணம் கூறிய சேக்கிழார் இவ்வாயிலுக்குக் காரணம் ஒன்றும் கூறாது செல்கின்றார். சிறப்பேயென்று துணிவார் ஒன்று சிந்திக்க வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் அடிமைமுறை 1865இல் ஒழிந்த பின்னும், கருநிறத்தார்க்கு இருப்பூர்தியில் வேறு பெட்டி அமைத்தல் சமத்துவத்துக்கு மாறன்று என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1896இல் தீர்த்தது. வேறாயினும் சமமே என்ற அக்கொள்கையைப் பள்ளிக்கூடங்களின் திறத்தில் அந்நீதிமன்றமே 1954இல் கைவிட்டது. பிரித்தலே தாழ்த்தல் என்று அப்பொழுது கண்டது. ஆரூர் வாயில் பெருமான் அருளால் வந்தது. அதனை மனிதர் இட்ட சட்டத்தோடு ஒப்பிடலாமோ எனின், ஒப்பிடலாகாது என்பதே எம் கருத்துமாகும். அவ்வருட்செயலை முன்னிறுத்தி மனிதர் வேறு வாயில் வகுத்தற்கு உரிமை கோருதலையே யாம் மறுக்கின்றோம். அவ்வாறு கோருவோர் ஆலவாயிற் பலகையை மறைத்தே கோருகின்றனர்.

சித்தாந்த மரபும் பலகையின் பக்கமே நிற்கின்றது. வேளாளர் குலத்துப் பிள்ளையாகிய மெய்கண்டாரை ஆதிசைவராகிய அருணந்தி சிவாசாரியார் குருவாகக் கொண்டார். தில்லைவாழந்தணராகிய உமாபதி சிவம் மறைஞான சம்பந்தரை அடைந்தமையால் தம் இனத்தாரால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் வாழ்ந்தார் என்றும், விறகு கொணர்ந்த பெற்றான் சாம்பானுக்குத் தீக்கை அளித்தார் என்றும் வரலாறு கூறுகின்றது. ஈண்டு விலக்கப்பட்டவர் விலக்கியவரின் குலத்தாரே என்பது நோக்கத்தக்கது.

பாணனார்க்குப் பொற்பலகை இடப்பெற்ற அதே ஆலவாயில், 1939 ஜூலை 8 அன்று, அ. வைத்தியநாத ஐயர் ஆதிதிராவிட அன்பர் ஐவரையும் நாடார் அன்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மை திருமுன் சென்றார். கோயில் தீட்டுப்பட்டது என்று பட்டர் சிலர் பூசை செய்ய மறுத்தனர். அவரும் மீனாட்சியம்மையிடத்து அன்பில்லாதவரல்லர்; ஆனைக்காவின் யானையைப்போல, அன்பினாலேயே ‘அநுசிதம்’ என்றவர். அவ்வாண்டிலேயே அச்செயலுக்குச் சட்டப் பாதுகாப்பும், 1947இல் சென்னை மாகாண முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தன. பாணனார் காலம் ஏழாம் நூற்றாண்டு. சிலம்பி ஒரு நாள் பொறுத்தது. இவர்கள் ஆயிரத்திருநூறு ஆண்டுக்கு மேல் பொறுத்தனர்.

வாயில் திறந்த பின் வலை எதுவரை அனுமதிக்கப்படும் என்ற வினா எஞ்சியுள்ளது. பரம்பரை அர்ச்சகவுரிமையை நீக்கி 1970இல் தமிழ்நாட்டில் இயற்றிய சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1972இல் ஏற்றது. ஆயினும் ஆகமத்தில் அர்ச்சகர்க்கு விதித்த வரையறையைக் கைவிடலாகாது என்றது. பல சாதியினரும் பயிற்சி பெற்று, 2021 ஆகஸ்டு 14 அன்று அவருட் சிலர் பணியேற்றனர். அதுபற்றியும் வழக்குகள் எழுந்தன. ஆகமத்தை இகழ்ந்து பேசுவது எம் நோக்கமன்று. ஆகமம் எதனை விலக்கிற்று, பழக்கம் எதனை விலக்கிற்று என்பதை மூலநூல்களை வைத்துப் பிரித்துக் காட்டும் கடமை வடமொழியும் தமிழும் வல்ல சைவப் புலவர்க்கு உண்டு. நீதிமன்றங்கள் அப்பணியைச் செய்யும்வரை அவர்கள் வாளா இருத்தல் தகாது.